நமது கடலில் சூரியன் மறைவதில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள். வாசிக்காமல் கொமண்ட் போடுகிறவர்கள் வழமைபோல் போடட்டும்.

போன சனிக்கிழமை ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு போட்டோ சுற்றியது. கடற்கரை மணலில், இழுத்துப் போட்டிருந்த தோணிக்குப் பக்கத்தில் பதினாலு பிள்ளைகள் குந்தியிருக்கிறார்கள். மடியில் சீ.ஆர். கொப்பி, கையில் பேனை. "ஓ.எல். வருது, சேர்மார் புள்ளைகளக் கடற்கரையில காத்து வாங்க உட்டிருக்காங்க" என்று கீழே எழுதியிருந்தது. அதற்குச் சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. பிறகு ஒருவர் வொய்ஸ் போட்டார்: "கூலிக்காரனுகள் வல இழுக்கிறதப் பாக்கவா நாம புள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்புற?" திங்கட்கிழமை அதிபரின் மேசையில் கடிதம் இருந்தது. பாடசாலை அபிவிருத்திக் குழு கூடி முடிவெடுக்கும் வரை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதிபரில் பிழையில்லை. அவருக்குக் கடிதம் வந்தால் அவர் என்ன செய்வார்.

அந்தப் போட்டோவில் இருந்த சேர்மாரும் டீச்சரும் நாங்கள்தான். பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பிக்கிற மூன்று பேர். ஆகவே பதில் சொல்லவேண்டியதும் நாங்கள்தான்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. போன தவணைப் பரீட்சையில் "கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது" என்று ஒரு தலைப்புக் கொடுத்திருந்தோம். வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் வானம், நீரில் நீளமாக ஒரு வெளிச்சக் கோடு, வளைந்த இரண்டு தென்னை, பறவைகளாக நாலைந்து "எம்" எழுத்து. சில தாள்களில் சூரியனுக்கு இரண்டு பக்கமும் மலையும் இருந்தது.

நாம் இருப்பது கிழக்குக் கரை. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் எந்தக் கடற்கரையில் போய் நின்றாலும் சூரியன் கடலிலிருந்து எழும்பும், வட்டைப் பக்கம் போய் விழும். மஃரிபுக்குக் கடற்கரையில் நின்றால் வெளிச்சம் நமது முதுகில்தான் படும். அந்த நேரத்தில் கடல் செம்மஞ்சளாக இருக்காது, சாம்பலும் ஊதாவுமாக இருக்கும். நுரை மட்டும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தன் வாழ்நாளில் ஒரு தரம்கூடக் கண்டிராத ஒரு காட்சியைத் தன் ஊர்க் கடல் என்று கீறித் தருகிறது. நாங்களும் அதற்குப் பதினைந்துக்குப் பன்னிரண்டு போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

அந்தச் சூரியன் எங்கிருந்து வந்தது? கடையில் விற்கிற மாதிரிச் சித்திரப் புத்தகத்திலிருந்து. ரியூஷனில் கொடுக்கிற போட்டோ கொப்பியிலிருந்து. நாங்கள் கரும்பலகையில் ஒட்டிய காலண்டர் படத்திலிருந்து. எங்களை விட்டுவிட்டு மற்றவர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. எங்களுக்கும் இப்படித்தான் படிப்பித்தார்கள், நாங்களும் வருடக்கணக்கில் இப்படித்தான் படிப்பித்தோம். ஓ.எல்.லுக்கு ஒரு காட்சியை மனப்பாடம் செய்ய வைப்போம். ஐந்து மனிதர், ஒரு மரம், ஒரு வீடு. தலைப்பு "சந்தை" என்றால் அந்த ஐந்து பேருக்கு முன்னால் மரக்கறி வைக்கவேண்டியது. "அறுவடை" என்றால் கையில் தாக்கத்தி கொடுக்கவேண்டியது. "பஸ் தரிப்பிடம்" என்றால் அதே ஐந்து பேருக்கும் ஒவ்வொரு பேக். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் சித்திரத்துக்கு ஏ எடுத்த நிறையப் பேர் இதை வாசித்துவிட்டு இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்களுக்குக் கண் திறந்தது ஒரு கேத்தலால். வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்த மகள் ஒருவர். படத்தைப் பார்த்துக் கீறினால் அச்சுப் போல இருக்கும், நிழல் எல்லாம் அவ்வளவு சுத்தம். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் இருந்த நெளிந்த கேத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இதைக் கீறுங்க மகள் என்றோம். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் தாள் முழுக்க அழித்த அடையாளம், மகளுடைய கண்ணில் தண்ணீர். "சேர், இதுக்குக் கோடு எங்க இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அச்சுப் படத்தில் யாரோ ஒருவர் ஏற்கனவே பார்த்து, எது கோடு, எது வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். பிள்ளை அவருடைய முடிவைத்தான் இவ்வளவு நாளும் கொப்பி அடித்திருக்கிறது. உண்மையான கேத்தலில் கோடு கிடையாது. வெளிச்சம் இருக்கிறது, வளைவு இருக்கிறது, நெளிவு இருக்கிறது. கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டியது பார்க்கிற ஆள்தான்.

இத்தனைக்கும் சாதாரண தரப் பரீட்சையிலேயே முன்னால் வைத்த பொருட்களைப் பார்த்துக் கீறுகிற பகுதி இருக்கிறது. "பாடத்திட்டத்துக்கு வெளியே பிள்ளைகளை அலைய விடுகிறார்கள்" என்று கடிதத்தில் எழுதியவர் பாடத்திட்டத்தை ஒரு தரம் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

சரி, கடற்கரையில் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறோம்.

போனதும் முதல் வேலையாக அழிறப்பரை எல்லாம் வாங்கி ஒரு யோகட் கப்பில் போட்டுவிடுவோம். பேனைதான், பென்சில் இல்லை. முதல் சுற்றில் ஒரு கீறலுக்கு முப்பது செக்கன். பத்துக் கீறல். அதற்குள் கண், மூக்கு, பட்டன் எதுவும் கீற ஏலாது. ஆளின் முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எந்தக் காலில் நிற்கிறது, தலை எங்கே தொங்குகிறது என்பது மட்டும்தான். அடுத்தது இரண்டு நிமிடம். கடைசியில் ஐந்து நிமிடக் கீறல் இரண்டு. நேரத்தைக் குறைப்பது பிள்ளையைத் துரத்துவதற்கு இல்லை. நேரம் நிறைய இருந்தால் பிள்ளை கண்ணிமையிலிருந்து தொடங்கும். கண் அழகாக வரும், இரண்டாவது கண்ணும் வரும், பிறகு தலைக்கு இடம் போதாது, உடம்பு தாளுக்கு வெளியே போய்விடும். நேரம் இல்லை என்றால் முழு ஆளையும் ஒரே மூச்சில் பார்த்தாக வேண்டும். முழுதை முதலில், துண்டைப் பிறகு. இந்தப் பழக்கம் வருவதற்குத்தான் முப்பது செக்கன்.

கரைவலையை ஏன் தெரிவு செய்தோம் என்றால், அதைவிட நல்ல மாதிரி இந்த உலகத்தில் சம்பளம் கொடுத்தாலும் கிடைக்காது. வலையைக் கரைக்கு இழுத்து முடிக்க நீண்ட நேரம் போகும். இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் ஆட்கள் வரிசையாக. எல்லோரும் ஒரே தாளத்தில் பின்னுக்குச் சாய்கிறார்கள், குதிக்காலை மணலில் ஊன்றுகிறார்கள், ஒரு அடி வைக்கிறார்கள், திரும்பச் சாய்கிறார்கள். ஓடுகிற பஸ்ஸையோ பறக்கிற காகத்தையோ கீறத் தொடங்கினால் அது போய்விடும், திரும்பி வராது. வலை இழுக்கிற ஆள் ஆறேழு செக்கனில் திரும்ப அதே நிலைக்கு வருவார். முதல் தரம் முதுகு. அடுத்த தரம் வரும்போது கால். அதற்கடுத்த தரம் கையும் கயிறும். அவர் மறுபடி வரும்வரை அந்த நிலையை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். உண்மையான பயிற்சி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அந்தக் காலத்தில் அம்பா பாடி இழுத்தார்கள். அந்தப் பாட்டு ஆட்களை ஒரே தாளத்தில் சேர்த்து இழுக்க வைப்பதற்கு. இப்போது பாடுகிறவர்கள் குறைவு, தாளம் மட்டும் உடம்பில் அப்படியே இருக்கிறது. காதால் கேட்காததை எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

முதல் இரண்டு கிழமையும் கொப்பியைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது. சுள்ளித்தடி மனிதர்கள், மூன்று கால், கயிறு ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம். இந்தக் கொப்பிகளைத்தான் சில பெற்றோர் பார்த்துவிட்டு "முந்தி எவ்வளவு வடிவாக் கீறின புள்ள, இப்ப கோழி கிளறின மாதிரிக் கீறுது" என்று சொன்னார்கள். உண்மை. மற்றவருடைய கண்ணால் வடிவாகக் கீறியதை விட்டுவிட்டு, தன் கண்ணால் கோணலாகக் கீறத் தொடங்கியிருக்கிறது. நடை பழகுகிற பிள்ளை விழுகிறது என்று திரும்பத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறோமா?

இந்தப் பதினாலு பேரில் ஒரு மகன் இருக்கிறார். தரம் ஒன்பது. சித்திரத்தில் நாற்பது புள்ளியைத் தாண்டாதவர், ஏனென்றால் நிழல் பூசத் தெரியாது. அவருடைய வாப்பா வலை இழுக்கிறவர். நாலாவது கிழமை அந்த மகன் கீறியதை வலை முடிந்ததும் அங்கேயே வாப்பாவிடம் காட்டினோம். ஏழெட்டுக் கோடு, அவ்வளவுதான். முகம் இல்லை, முதுகுப் பக்கம்தான் தெரிகிறது. அந்த மனிதர் ஈரக் கையைச் சாரனில் துடைத்துவிட்டுக் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "இது எங்கட முன்கயிறு புடிக்கிற காக்காவெல்லோ... இடது காலப் பாருங்க சேர், அவருக்கு அந்தக் கால் ஏலா, சரிச்சுத்தான் ஊண்டுவாரு" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "நீ எப்படிடா இதக் கண்ட?" என்று கேட்டார். வருடக்கணக்கில் அதே கயிறு பிடித்த மனிதருக்குத் தெரிந்த ஒரு விசயத்தை, முகமில்லாத எட்டுக் கோட்டில் ஒரு பிள்ளை பிடித்திருக்கிறது. எங்கள் மூன்று பேருடைய சேவைக்காலத்தில் எந்த ஏ சித்தியும் எங்களுக்கு இந்தச் சந்தோசத்தைத் தந்ததில்லை.

அந்த மகனின் வாப்பாவைத்தான் நமது வொய்ஸ்காரர் "கூலிக்காரன்" என்றார்.

உண்மையில் கோபம் வந்தது அந்தச் சொல்லால்தான், ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். வின்சென்ட் வான் கோ என்ற பெயரை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அவருடைய சூரியகாந்திப் படம் நமது வீடுகளில் டேபிள் மேட்டில்கூட இருக்கிறது. 1884ஆம் ஆண்டு அந்த மனிதர் நெதர்லாந்தில் நூனென் என்ற கிராமத்தில் நெசவாளர்களின் வீடு வீடாகப் போய்க் கீறிக்கொண்டிருந்தார். சின்ன அறைகள், அறை நிறையத் தறி. தள்ளி இருந்து பார்க்க இடம் போதாது என்பதே அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அன்று அந்த நெசவாளர்களும் கூலிக்காரர்கள்தான். நமக்கு மருதமுனைத் தறி பக்கத்திலேயே இருக்கிறது. மிதி ஏறி இறங்குகிறது, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது, நெய்கிறவரின் தோளும் கழுத்தும் அதற்கேற்ப அசைகிறது. கரைவலையைப் போலவே திரும்பத் திரும்ப வருகிற அசைவு. நமது பிள்ளைகள் தறியைக் கீறியிருக்கிறார்களா? கீறியிருக்கிறார்கள், பாடப்புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பார்த்து.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே வான் கோ, தொடங்கிய காலத்தில் பார்க் என்பவரின் மாதிரித் தாள்களை வைத்துத் திரும்பத் திரும்பக் கொப்பி அடித்தவர். ஆகவே கொப்பி அடிப்பது அறவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மாதிரியைப் பார்த்துக் கை பழகலாம். ஆனால் அவர் தாளோடு நிற்கவில்லை, வயலுக்கும் தறிக்கும் போனார். நாம் தாளிலேயே குடியிருக்கிறோம்.

"போனில ஒரு போட்டோ எடுத்து, வீட்டுல ஏசியில இருந்து கீறலாமே" என்று ஒரு சகோதரர் நல்லெண்ணத்தோடு சொன்னார். கீறலாம். ஆனால் போட்டோவில் இருப்பது ஒரு செக்கனின் சிறு துண்டு. வலை இழுப்பவர் சாய்ந்து, ஊன்றி, நிமிர்ந்து, திரும்பச் சாய்கிற முழு அசைவையும் பார்த்த பிறகு கீறப்பட்ட கோடு அந்தத் துண்டில் கிடையாது. இன்னொன்று, போட்டோ ஓடிப்போகாது. ஓடிப்போகாத ஒன்றைக் கண் அவசரப்பட்டுப் பார்க்காது, பிறகு பார்ப்போம் என்று சோம்பி இருக்கும். இப்போது சொல்லைத் தட்டினால் படமே வந்துவிடுகிறது, அதிலும் கடலில் சூரியன் மறைகிறது, கவனித்தீர்களா?

பார்ப்பது என்பதே ஒரு வேலை என்பதை நமக்கு வெளியில் இருந்து ஒருவர் வந்து சொல்லத் தேவையில்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய கிதாபுல் மனாழிரில், கண்ணிலிருந்து ஒளி போய்ப் பொருளில் படுகிறது என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். இது எல்லோருக்கும் தெரியும், ஜும்ஆ பயான்களிலும் கேட்டிருப்போம். அதே நூலில் அவர் ஒரு பார்வையில் சட்டென்று அறிவதையும், ஆராய்ந்து பார்த்து அறிவதையும் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார் என்பதை நாம் பேசுவதில்லை. முப்பது செக்கன் கீறலும் ஐந்து நிமிடக் கீறலும் இந்த இரண்டு பார்வைக்கும் கொடுக்கிற பயிற்சிதான். முஸ்லிம்களின் விஞ்ஞானப் பெருமையை மேடையில் பேசிவிட்டு, ஒரு பிள்ளை குந்தியிருந்து ஒரு தோணியை உற்றுப் பார்த்தால் "வேலையில்லாத வேலை" என்கிறோம்.

அடுத்தது ஹராம் கேள்வி. இதில் கவனமாகவே பேசுகிறோம், பத்வா கொடுப்பது எங்கள் வேலை இல்லை. உயிருள்ளவற்றை உருவம் வரைவது பற்றி ஹதீஸ்கள் இருக்கின்றன, உலமாக்களிடம் கருத்து வேறுபாடும் இருக்கிறது. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரழி) அறிவுரை சொன்ன செய்தி புகாரியிலேயே இருக்கிறது. மனித உருவம் வேண்டாம் என்று நினைக்கிற குடும்பங்களை நாங்கள் மதிக்கிறோம். போன சனிக்கிழமையும் நாலு பிள்ளைகள் ஆட்களைக் கீறவில்லை. கயிறு, தோணி, காற்றில் ஆடுகிற தென்னோலை, காயப்போட்ட சாரன், மணலில் குவிந்த வலை. அசைவு இவற்றிலும் இருக்கிறது, இரண்டு நிமிடப் பயிற்சி இவற்றிலும் நடக்கும். எங்களுக்கு விளங்காதது வேறொன்று. அச்சுப் புத்தகத்தைப் பார்த்து ஐந்து மனிதரைக் கண், மூக்கு, பல்லோடு கீறும்போது வருடக்கணக்கில் யாரும் ஒரு கடிதம் எழுதவில்லை. முகமே இல்லாத எட்டுக் கோட்டைக் கடற்கரையில் வைத்துக் கீறியதும் மார்க்கம் ஞாபகம் வந்துவிட்டது. மார்க்கம்தான் காரணம் என்றால் புத்தகத்துக்கும் கடிதம் எழுதியிருக்க வேண்டுமே?

பெண் பிள்ளைகள் விசயத்தில் வந்த ஆட்சேபணையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், ஒரு பகுதியை. சந்தை நடுவில் ஆண்கள் கூட்டத்தில் குந்தவைப்பது சரியில்லை, அப்படிச் செய்யவும் இல்லை, டீச்சரும் இரண்டு உம்மாமாரும் கூடவே இருந்தார்கள். கடற்கரையும் வேண்டாம் என்றால் தறிக் கொட்டிலுக்குப் போகலாம், கல்யாண வீட்டுச் சமையலறையில் உட்காரலாம், மூத்தம்மா வாசலில் பன் பாய் பின்னுவதைக் கீறலாம். கீறுவதற்கு முன் அனுமதி கேட்கச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். ஆனால் "பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று ஒருவர் எழுதியதை ஏற்க முடியாது. நமது பாடசாலைகள் பலவற்றில் சங்கீதமும் இல்லை, நடனமும் இல்லை. எஞ்சியிருப்பது சித்திரம் ஒன்றுதான், அதை அதிகம் எடுப்பதும் அவர்கள்தான்.

எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒன்று. எங்களிடம் படித்த ஒருவர் கட்டடக்கலைக்கு விண்ணப்பித்தார். கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு. அந்தப் பட்டப்படிப்புக்கு உளச்சார்புப் பரீட்சை ஒன்று இருக்கிறது, பார்த்ததையும் நினைத்ததையும் கீறவேண்டி வரும். ஓ.எல்.லில் சித்திரத்துக்கு ஏ எடுத்த பிள்ளை. திரும்பி வந்து எங்களிடம் சொன்னது: "சேர், எனக்குப் பாத்துக் கீறத் தெரியும் என்று நெனச்சன். படத்தப் பாத்துக் கீறத்தான் தெரியும் என்று அங்கதான் தெரிஞ்சுது." அந்த ஏயைக் கொடுப்பதற்குப் பழக்கியது நாங்கள். அந்த மகளுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைத்தான் இப்போது இந்தப் பதினாலு பேரில் கழிக்கப் பார்க்கிறோம்.

இன்னொரு விசயம், எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தோம். 2004 டிசம்பர் 26க்கு முன்னிருந்த நமது கடற்கரை வீதியை ஒரு பிள்ளை எங்களிடம் கேட்டது. வீடுகளின் முன்பக்கம் எப்படி இருந்தது, குந்து இருந்ததா, வேலி கிடுகா மதிலா என்று. மூன்று பெரியவர்களிடம் கேட்டோம், மூன்று விதமாகச் சொன்னார்கள். போட்டோ இருந்தவர்களின் போட்டோவும் வீட்டோடு போய்விட்டது. அந்த வீதியை யாராவது ஒருவர் ஒரு பின்னேரத்தில் குந்தியிருந்து கீறி, அந்தக் கொப்பியை வட்டைப் பக்கத்து உறவினர் வீட்டில் வைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டோம். அந்தக் காலத்திலும் நமது பிள்ளைகள் கீறினார்கள்தான். மலைக்கு நடுவில் சூரியனை.

குழு அடுத்த கிழமை கூடுகிறது. மாரி தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், கரைவலை நின்றுவிடும், பிறகு அடுத்த வருடம்தான். ஆகவே தாமதிக்காமல் முடிவெடுக்கும்படி குழுவில் இருக்கும் காக்காமாரையும் தாத்தாமாரையும் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்துக்குப் பதினாலு கொப்பிகளையும் கொண்டுவருவோம், முதல் கிழமைப் பக்கத்தையும் கடைசிக் கிழமைப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதுவரைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போக எங்களுக்கு அனுமதி இல்லை. எங்களுக்குப் போகத் தடையில்லை. வருகிற சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் அதே தோணிக்குப் பக்கத்தில்தான் இருப்போம். போட்டோ எடுத்துப் போட்டவர், வொய்ஸ் போட்டவர், சிரித்தவர்கள், யாரும் வரலாம். கொப்பியும் பேனையும் நாங்கள் தருகிறோம். முப்பது செக்கனில் ஒரு ஆளைக் கீறிப் பாருங்கள். அழிறப்பர் மட்டும் தரமாட்டோம்.